காய்ச்சலும் பாய்ச்சலுமாக வந்த உயிர்

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் சிதறி விழுந்தது. பொறுக்கிச் சேர்த்த துண்டுகளே நூறு கிலோவுக்கு மேல். நாசாவில் அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு, அப்புறம் லண்டனில் வேதியியலுக்கு மாறியவர். கல்லுக்குள் அமினோ அமிலங்கள் இருப்பதாக 1970-இல் அந்தக் குழு அறிவித்தது. புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள்தான். பூமியில் உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு இது ஒரு துப்பு.

கல்லைத் தொட்டவர்களின் வியர்வையிலிருந்து ஒட்டியிருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் அந்த மூலக்கூறுகளிலேயே இருந்தது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்குக் கண்ணாடி பிம்பங்களாக இடக்கை, வலக்கை என இரண்டு வடிவங்கள் உண்டு. நம் உடல் புரதம் கட்டும்போது எடுத்துக்கொள்வது இடக்கை வடிவத்தை மட்டும். விண்கல்லிலோ இரண்டும் ஏறக்குறைய சரிசமம். புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. உயிர் இல்லாத இடத்தில் வேதியியல் தானாகவே உண்டாக்கியவை அவை.

சோதனைச்சாலையில் இது அதற்கு முன்பே நடந்திருந்தது. 1952-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரியின் மாணவர் ஸ்டான்லி மில்லர், பூமியின் தொடக்ககாலக் காற்றைப் போலிருக்கட்டும் என்று, கண்ணாடிக் குடுவைக்குள் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் தண்ணீர் சிவந்து கலங்கியது. அதில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் கிடைத்தன. தொடக்ககாலக் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுதி என்று பிற்பாடு பலர் மறுத்தார்கள். அந்த மறுப்பு சரியானதுதான். ஆனாலும் வானத்திலிருந்து விழுவது நிற்கவில்லையே! பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023-இல் கொண்டுவந்த மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன.

ஆகவே மூலப்பொருள் கிடைத்ததில் எனக்குப் பெரிய புதிர் தெரியவில்லை. அதைக் கோப்பதில்தான் சிக்கல். இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீர் நிரம்பியிருந்தால் இந்த வினை நடப்பது கடினம். கோத்த கண்ணியையும் தண்ணீர் மெல்ல மெல்ல அறுத்துவிடும். டிஎன்ஏவின் உறவான ஆர்என்ஏ என்ற சங்கிலி மூலக்கூறுக்கும் இதே கதி. உயிர் கடலில்தான் பிறந்தது என்று பள்ளியிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டோம், ஆனால் பெருங்கடலின் நடுவில் சங்கிலி எப்படி நீளும்?

எரிமலைப் பகுதிகளின் வெந்நீர்க் குட்டைகளில் நீளலாம். குட்டை வற்றும்போது கரைசல் செறிவாகிறது, நீர் ஆவியாகிப் போவதால் கண்ணிகள் கோத்துக்கொள்கின்றன. மறுபடி நனையும்போது சில அறுபடும். ஆனால் மூலக்கூறுகள் இடம்மாறிக் கலந்து அடுத்த வறட்சிக்குத் தயாராகும். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவதுபோல, ஆயிரமாயிரம் முறை. ஆழ்கடலின் காரத்தன்மையுள்ள வெந்நீர்த் துளைகளே பிறப்பிடம் என்று வாதிடுவோரும் உண்டு. அங்கே ஆற்றலுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஆனால் காய்வதற்கு அங்கே வழியில்லை என்பதால் என் மனம் குட்டைகளின் பக்கமே சாய்கிறது.

சரி, சங்கிலி கிடைத்தாயிற்று. அது தன்னை நகலெடுக்காவிட்டால் உயிர் இல்லை. இன்றைய செல்லில் டிஎன்ஏவை நகலெடுக்கப் புரதம் வேண்டும். புரதம் செய்ய டிஎன்ஏவின் குறிப்பு வேண்டும். எது முதலில்? ஆர்என்ஏ குறிப்பையும் சுமக்கும், வினையூக்கியாகவும் வேலை செய்யும் என்று தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டுபிடித்தார்கள். 1989-இல் நோபல் பெற்றார்கள். புரதம் கோக்கும் ரைபோசோமின் மையத்தில் அந்த வேலையைச் செய்வதும் ஆர்என்ஏதான். முதல் உயிர் ஆர்என்ஏவை நம்பியிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான தடயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இனி ஓர் உறை. கொழுப்பு அமிலங்கள் தண்ணீரில் தாமாகவே சேர்ந்து நுண்ணிய பைகளாகிவிடும். மர்ச்சிசன் கல்லிலிருந்து பிரித்த பொருளே இப்படிப் பைகள் கட்டியதை 1980-களில் டேவிட் டீமர் காட்டினார். மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் இந்தப் பைகள் உருவாவதையும் விரைவுபடுத்துகிறது, ஆர்என்ஏ கண்ணிகள் கோப்பதற்கும் உதவுகிறது.

பிறகு பையும் ஆர்என்ஏவும் முரண்பட்டன. நொதிகள் இல்லாமல் ஆர்என்ஏ நகலெடுக்க மெக்னீசியம் நிறைய வேண்டும். மெக்னீசியமோ கொழுப்பு அமிலத்தைத் திரியவைத்துப் பையைக் குலைத்துவிடும். கடினநீரில் சோப்பு திரிவதும் இதே வினையால்தான். 2013-இல் கத்தார்சினா அடமாலாவும் ஜாக் சோஸ்டாக்கும் எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலத்தின் உப்பை, அதாவது சிட்ரேட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிட்ரேட் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டதால் பை தப்பியது. உள்ளே நகலெடுப்பும் நடந்தது. ஆனால் அவ்வளவு சிட்ரேட் அந்தக் குட்டைகளில் எங்கிருந்து வந்திருக்கும்? அது இல்லையென்றால், அதே வேலையைச் செய்யக்கூடிய வேறு எளிய மூலக்கூறு எது?