ஊரடங்கு முடிந்த பிறகும் அடி ஏன் நிற்கவில்லை?

வேலை போச்சு, கையில் காசில்லை, நாள் பூரா வீட்டிலேயே அடைந்து கிடந்தான், அந்த எரிச்சலில் கை நீட்டிவிட்டான். 2020 ஊரடங்கில் புருஷன் மனைவியை அடித்ததைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தச் சமாதானம்தான். சரி, அப்படியென்றால் கதவைத் திறந்துவிட்டதும் எல்லாம் அடங்கியிருக்க வேண்டுமே?

தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்களை மாவட்டவாரியாக அலசிய பொருளியல் ஆய்வாளர்கள் சரவண ரவீந்திரனும் மனிஷா ஷாவும் கண்டது வேறு. 2020 மே மாதம் கட்டுப்பாடு கடுமையாக இருந்த மாவட்டங்களில், தளர்வு கிடைத்த மாவட்டங்களோடு ஒப்பிட்டால், குடும்ப வன்முறைப் புகார்கள் 131 சதவீதம் கூடியிருந்தன. பாலியல் வன்கொடுமைப் புகார்களோ குறைந்தன. பெண்கள் பஸ்ஸிலும் வேலையிடத்திலும் இல்லாததுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மற்ற புகார்களெல்லாம் பழைய அளவுக்கே வந்துவிட்டன, வீட்டுக்குள் நடப்பது மட்டும் இறங்கவில்லை.

எரிச்சல்தான் காரணமென்றால், வாசலில் தவணை கேட்டு நிற்கும் ஃபைனான்ஸ்காரரிடம் "அடுத்த வாரம் கண்டிப்பா கட்டிடறேன் சார்" என்று குழைந்து பேசி அனுப்புகிற அதே ஆள், உள்ளே திரும்பியதும் மனைவியை அறைவது எப்படி? யாரை அடித்தால் திருப்பி எதுவும் நடக்காது என்ற கணக்கு அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கணக்கைத்தான் பெருந்தொற்று அவனுக்குச் சாதகமாக மாற்றியது.

முதலில் காசு. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2021 அறிக்கைப்படி, வேலை பார்த்துவந்தவர்களில், ஊரடங்கில் அதை இழந்து 2020 முடியும்வரை திரும்பாத ஆண்கள் 7 சதவீதம், பெண்கள் 47 சதவீதம். சம்பளம் நின்றதும் குழுக் கடன், அப்புறம் கழுத்தில் கிடந்த செயின் அடகுக்கடைக்குப் போகிறது. அடி தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பவும், அங்கே இரண்டு மாதம் பாரமில்லாமல் இருக்கவும் அவளுக்கு இருந்த ஒரே பணம் அதுதான். ஊரடங்கு தளர்ந்த அன்றைக்கே நகை மீண்டு வந்துவிடுவதில்லை, வட்டிதான் ஏறுகிறது. இதை அவனும் அறிவான்.

அடுத்தது போன். 2020 ஏப்ரலில் மகளிர் ஆணையம் புகாருக்கென்று வாட்ஸ்அப் எண் அறிவித்தது, நல்ல விஷயம்தான். ஆனால் பல வீடுகளில் இருப்பதே ஒரு ஸ்மார்ட்போன். பகலில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, ராத்திரி அவன் கையில். அதனால் வந்த புகார்களை வைத்து நடந்த அடிகளை எண்ணிவிட முடியாது.

குடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 மே 7-ல் டாஸ்மாக் திறந்தபோது எத்தனையோ ஊர்களில் பெண்கள் மறியல் செய்தது சும்மா இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணவர் அடிக்கடி போதையேறக் குடிக்கும் பெண்களில் 70 சதவீதம் பேர் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் கணவர் குடிக்கவே குடிக்காத வீடுகளிலும் இது 23 சதவீதம், நாலில் ஒரு பெண்ணுக்குக் கிட்டத்தட்ட. குடி அடியைப் பெருக்குகிறது. ஆனால் பழியை முழுக்க பாட்டில்மேல் போட்டுவிட்டால் இந்த நாலில் ஒருத்திக்கு என்ன பதில்?

2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவியை அங்கிருந்து நினைத்தபடி துரத்த முடியாது. எஃப்.ஐ.ஆர். போடாமலே மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடலாம். கூப்பிட அவள் கையில் ஒரு போன் வேண்டும், அவ்வளவுதான்.