கெஷோ இல்லாமல் தெஜ் இல்லை

நல்ல தேனை இறுக மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அதில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டால் சில நாட்களிலேயே நுரை தட்டும். எத்தியோப்பியர்களின் தேன் மதுவான ‘தெஜ்’ பிறப்பது இப்படித்தான்.

தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை. அந்தச் செறிவு நுண்ணுயிர்களின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிடுவதால், அதற்குள் இருக்கும் ஈஸ்ட் பெருக முடியாமல் முடங்கிக் கிடக்கிறது. ஒரு பங்கு தேனுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்ததும் விழித்துக்கொண்டு, சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. மரபு முறையில் ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. தேனிலும் பானையின் சுவரிலும் ஒட்டியிருப்பதே போதும்.

ஆனால் நீர்த்த தேன் பாக்டீரியாக்களுக்கும் விருந்துதான். விட்டுவைத்தால் பானை முழுக்கப் புளித்துப்போகும். அங்கேதான் கெஷோ என்ற புதர்ச்செடி வருகிறது. பியருக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூ செய்யும் வேலையை இது தெஜ்ஜுக்குச் செய்கிறது: கசப்பைத் தருகிறது, பல பாக்டீரியாக்களையும் அடக்கி வைக்கிறது. முதலில் பானைக்குக் காட்டு ஒலிவ விறகின் புகை காட்டுவார்கள். மெழுகோடு சேர்ந்த தேனைக் கரைத்து ஊற்றி, சில நாட்களில் மேலே மிதந்து வரும் மெழுகையும் கசடையும் வழித்தெடுப்பார்கள். பிறகு அதில் கொஞ்சம் எடுத்துக் கெஷோ குச்சிகளைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் பானையில் சேர்ப்பார்கள். கடைசியில் துணியில் வடிகட்டுவார்கள். இவ்வளவு நுட்பமான நுண்ணுயிரியலை நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே வீட்டுப் பெண்கள் கையாண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

தெஜ் கடைகளில் ‘பெரிலே’ என்ற குடுவையில் தருவார்கள். உருண்ட வயிறும் நீண்ட கழுத்தும் கொண்ட கண்ணாடிக் குடுவை அது. கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் குடிக்க வேண்டும். இனிப்பு மிச்சமிருக்கும் மென்மையான தெஜ் ‘லஸ்லஸா’. சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாகிவிட்ட கடுமையான தெஜ் ‘தெரெக்’. நொதித்தல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன.

ஒரு காலத்தில் இது அரசவைக்கும் பிரபுக்களுக்கும் உரிய பானம். ஊற்றிக் கொடுப்பவர் தன் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக் குடித்துக் காட்டிய பிறகே விருந்தினருக்குத் தருவார். நஞ்சில்லை என்பதற்கு அதுவே சான்று. இன்று திருமணத்துக்கும் பண்டிகைக்கும் பல வீடுகளில் தெஜ் உண்டு.

மது தொடாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ‘பிர்ஸ்’ கொடுப்பார்கள். அது நொதிக்காத தேன் நீர். கெஷோவும் கிடையாது என்பதால் கலக்கிய கையோடு குடித்துவிட வேண்டும்.