கார் ஹீட்டர் கோரில் கம்ப்யூட்டர் ஹோஸ் மாட்டப் போகிறவர்களுக்கு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். வண்டி உதிரி பாகங்கள் விற்கும் ஜே.சி. ரோடு இங்கிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே பழைய ஹீட்டர் கோர் ஒன்றை வாங்கி, "இதை வைத்து வாட்டர் கூலிங் செய்யலாமா அண்ணா?" என்று கேட்டு வரும் மாணவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம். வாட்டர் கூலிங் என்றால் ஹோஸ் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு கம்ப்யூட்டரின் சூட்டை இறக்குவது. ஹீட்டர் கோர் என்பது காரின் டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்தான். 2000-களின் தொடக்கத்தில் வெளிநாடுகளில் வீட்டிலேயே வாட்டர் கூலிங் செய்த பலர் இதைத்தான் நம்பினார்கள். சூட்டை இறக்குவதில் குறை வைக்காது. ஆபத்தெல்லாம் அதன் குழாயும் நம் ஹோஸும் சேரும் இடத்தில்தான்.

முதலில் உலோகத்தைப் பாருங்கள். பழைய வண்டிகளில் வந்தவை செம்பும் பித்தளையும். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் அலுமினியம். காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, மூன்றிலும் ஒட்டாது. ஓரத்தில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் எடுக்கலாம், உள்ளேயும் வெள்ளையாக இருந்தால் வேண்டாம். பிராசசர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக் பொதுவாகச் செம்பு. ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் ஓட்டையாகும்.

அடுத்து அளவு. ஹீட்டர் கோர் குழாய் பெரும்பாலும் 5/8 இஞ்ச், அதாவது சுமார் 16 மி.மீ.; சிலவற்றில் 3/4 இஞ்ச். கம்ப்யூட்டர் ஹோஸின் உள்விட்டம் 1/2 இஞ்சோ 3/8 இஞ்சோதான். சுடுதண்ணீரில் ஊறவைத்து இழுத்து மாட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் விரிந்தபடியே இருக்கும் பிவிசி நாளாக நாளாக விறைத்து, விளிம்பில் கீறல் விடும். 16-க்கு 12 மி.மீ. பித்தளை ரெடியூசர் நிப்பிள் (இரு முனையும் வேறு வேறு அளவில் இருக்கும் இணைப்புக் குழாய்) ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். கோர் பக்கம் பெரிய ஹோஸ் ஒரு துண்டு, நடுவில் ரெடியூசர், அப்புறம் உங்கள் ஹோஸ். நெருப்பே தேவைப்படாத வழி இது. முதல்முறை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கார் குழாயின் நுனியில் மோதிரம் போல ஒரு மேடு இருக்கும். ஹோஸ் நழுவாமல் பிடித்து வைப்பது அதுதான். கேபினெட்டுக்குள் இடம் போதவில்லை என்று குழாயை அறுக்கும்போது அந்த மேடும் போய்விடும். வழவழப்பான குழாயில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் மெல்ல நகரும். என்னிடம் வந்த ஒரு மெஷினில் இப்படித்தான் இரவில் கழன்று, கிராஃபிக்ஸ் கார்டு முழுக்க நனைந்திருந்தது. கார்டைக் காப்பாற்ற முடியவில்லை. அறுத்தே ஆக வேண்டுமென்றால் நுனியைச் சுற்றி ஒரு செம்புக் கம்பியை வைத்து ஈயம் பற்றவைத்து மேட்டைத் திரும்ப உண்டாக்குங்கள். இல்லையென்றால் பித்தளை ஹோஸ் நிப்பிளையே பற்றவைக்கலாம். ஹாக்சா வேண்டாம், பைப் கட்டர் போதும். பிசிறு உள்ளே விழுந்தால் பம்ப்பில்தான் போய் நிற்கும்.

பற்றவைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 60/40 ஈயக் கலவை (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரி செல்சியஸுக்குள் முழுதாக உருகிவிடும். கோரின் தொட்டியும் ஈயப் பற்றில்தான் நிற்கிறது. நெருப்பு ஊதும் கேஸ் டார்ச்சை அதிக நேரம் காட்டினால் புது மூட்டு ஒட்டும்போது பழைய மூட்டு இளகிவிடும். குழாயின் அடியில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, சூட்டை நுனியில் மட்டும் காட்டுங்கள். ஈயப் புகை கெடுதல்; மூடிய அறையில், குழந்தைகள் பக்கத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். டார்ச் பிடித்துப் பழக்கமில்லை என்றால் ரேடியேட்டர் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கைக்கு இது தினசரி வேலை. ஈயம் ஒட்டுவதற்காக அவர் பூசும் ஃப்ளக்ஸ் அமிலத் தன்மை கொண்டது, வீட்டுக்கு வந்ததும் உள்ளும் புறமும் நன்றாக அலசுங்கள்.

பழைய கோரில் கூலன்ட் மிச்சம் இருக்கலாம். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். நாயோ குழந்தையோ நக்கிவிடும் இடத்தில் ஊற்றாதீர்கள்.

சோதிக்காமல் கேபினெட்டில் ஏற்றவே கூடாது. ஒரு குழாயை அடைத்து, மறு குழாயில் ஹோஸ் மாட்டி, கோரை வாளித் தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். அழுத்தம் அரை பாருக்கு (bar) மேல் வேண்டாம். குமிழி வந்தால் எந்த மூட்டு என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் மேசைமேல் இணைத்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, பம்ப்புக்கு மட்டும் தனி 12 வோல்ட் அடாப்டர் கொடுத்து ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். நம்மூர் போர்வெல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உப்பு படிந்து வாட்டர் பிளாக்கின் நுண் வழிகளை அடைத்துவிடும்.

கேபினெட்டில் வைக்கும்போது கோரின் குழாய்கள் மேலே பார்த்து இருக்கட்டும், காற்று தங்காது. மூட்டு எதுவும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (பவர் சப்ளை பெட்டி) நேர் மேலே வரக் கூடாது, அதில் 230 வோல்ட் ஓடுகிறது. ஒரு வாரம் ஓடிய பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாக் கிளிப்புகளையும் ஒருமுறை இறுக்குங்கள். அதற்குள் ஹோஸ் சூட்டில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.