இசைத்தட்டைத் துடைக்கும் முன் ஒரு வேண்டுகோள்

சென்ற மாதம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் குன்னூரில் உள்ள என் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். அவருடைய பாட்டனார் இலங்கையில் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் குடும்பத்தோடு தாயகம் திரும்பியபோது, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, ரயிலும் பேருந்துமாக நீலகிரி வந்து சேரும்வரை, ஒரு டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்து 14 இசைத்தட்டுகளை ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்திருக்கிறார். அந்த 14 தட்டுகளில் 11ஐப் பேரன் கைக்குப் போடும் சானிடைசரால் துடைத்து, இணையத்தில் வாங்கிய சிறிய பிளேயரில் ஓட்டி, லேப்டாப்பில் பதிவு செய்து முடித்ததும், பழைய பொருள் எடுப்பவரிடம் போட்டுவிட்டார். என்னிடம் அவர் நீட்டியது ஒரு பென் டிரைவ் மட்டுமே. "இரைச்சலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள் சார், பாட்டிக்குப் போட்டுக் காட்ட வேண்டும்" என்றார்.

எடுக்க முடியவில்லை. அந்தப் பதிவில் இருப்பது நாதஸ்வரமும் தவிலும் என்று கண்டுபிடிப்பதற்கே மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. பாட்டியின் மகிழ்ச்சிக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து உழைத்த பிள்ளையிடம் நான் என்ன குறை சொல்வது? அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் இந்த ஆண்டில் இதே நிலையில் என்னிடம் வந்த ஐந்தாவது குடும்பம் அது. இனியும் எழுதாமல் இருந்தால் அது என் தவறாகிவிடும்.

முதலில் சானிடைசர். வீட்டில் இருப்பவை எல்லாம் 'பிளாஸ்டிக் ரெக்கார்டு' என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல. அவை அரக்கோடு கற்பொடி கலந்து அழுத்தப்பட்டவை. வெளிநாடுகளில் 1948இல் எல்.பி. தட்டு (மெதுவாகச் சுழன்று நீண்ட நேரம் ஓடும் வினைல் எனும் பிளாஸ்டிக் தட்டு) வந்துவிட்டாலும், நம் நாட்டில் 1960களிலும் 78 சுழற்சித் தட்டுகள் விற்பனையில் இருந்தன. ஆகையால் தாத்தா காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும், 10 அங்குலத் தட்டாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடத்தில் முடிந்துவிடும். மர நாற்காலிக்குப் பாலிஷ் போடுபவர் அரக்கை எதில் கரைக்கிறார் என்று பார்த்திருப்பீர்கள்: ஸ்பிரிட்டில். சானிடைசரில் இருப்பதும் அந்த ஆல்கஹால்தான். அதை ஊற்றித் தேய்த்தால் அழுக்கோடு பாட்டும் கரைந்துவிடும். கொலோன், கண்ணாடி துடைக்கும் திரவம், மருத்துவமனை ஸ்பிரிட் எதுவும் 78 தட்டின் அருகில் வரவே கூடாது. தயவுசெய்து இந்த ஒன்றையாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சானிடைசரைவிடவும் அதிகத் தட்டுகளைப் பலிகொண்டது ஒரு நம்பிக்கை. 'எப்படியாவது கணினியில் ஏற்றிவிட்டால் போதும், மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்' என்பது அது. ஆடாசிட்டி போன்ற நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். அதில் இரைச்சலை நீக்க ஒரு பொத்தான் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பொத்தானுக்கு இசை என்றால் என்னவென்று தெரியாது. பாட்டுத் தொடங்கும் முன் ஊசி வெற்றாக ஓடும் சில நொடிகளிலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொண்டு, பதிவு முழுவதிலும் அதைப் போல் இருப்பவற்றை அது குறைக்கிறது, அவ்வளவே. பழைய தட்டின் 'ஸ்ஸ்' என்ற ஓசை எந்த அதிர்வெண்களில் பரவியிருக்கிறதோ, அதே இடத்தில்தான் தம்புராவின் மீட்டு முடிந்தபின் நீளும் கார்வையும், பாடகர் மூச்சு வாங்கும் ஓசையும், 'ச'கரம் உச்சரிக்கும்போது எழும் காற்றும் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் சேர்ந்து போகும். சுட்டியை இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் பாடுபவர் தண்ணீருக்குள் அமர்ந்து பாடுவதுபோல் ஓர் உலோகக் குழைவு மிஞ்சும். அதைத்தான் 'சுத்தமாகிவிட்டது' என்று சொல்லி வீட்டில் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள்.

கீறலால் வரும் 'டப்' ஓசையை நீக்கும் கருவி இதைவிட ஆபத்தானது. ஏனெனில் நம் இசைக்காக அதை யாரும் அளவிட்டு வைக்கவில்லை. திடீரென எழுந்து ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் அடங்கும் எதையும் அது கீறல் என்றே கருதும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் கூர்மையான அடியும் தவிலில் குச்சி பட்டுத் தெறிக்கும் தாளச் சொல்லும் அப்படித்தான் எழுந்து அடங்குகின்றன. அளவை உயர்த்தி வைத்து ஓட்டிய பதிவொன்றில் தனி ஆவர்த்தனம் முழுவதும் பஞ்சு மூட்டையில் தட்டியதுபோல் ஆகியிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். கீறல்களை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் கைவைக்க வேண்டும். 3 நிமிடத் தட்டுக்கு எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆவது உண்டு. அதற்குப் பொறுமை இல்லாவிட்டால் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள். நம் காது சிறிது நேரத்தில் அதைக் கடந்து பாட்டைக் கேட்கப் பழகிவிடும். அழிந்த சொற்கட்டைக் காது எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

ஆகவே உழைப்பு முழுவதும் கணினிக்குப் போகும் முன்பே, தட்டிலும் ஊசியிலும் நடக்க வேண்டியது. 78 தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான்தான். அதை 78 தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உள்ள தூசியில் புரண்டு போகும். இசை பதிந்திருக்கும் சுவரைத் தொடாது. அந்த இளைஞரின் பதிவில் பாதி இரைச்சல் இப்படி வந்ததுதான். மலிவான பிளேயர்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே ஊசி. வாங்கும் முன் கேளுங்கள். தேய்ந்த ஊசியை மாற்றாமல் ஓட்டுவது உளியால் கீறுவதற்குச் சமம்.

அடுத்து, இணைப்பு. காந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்னோட்டமாக்கும் பகுதி) உள்ள டர்ன்டேபிளை நேரடியாக லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். அந்தத் துளை பெரும்பாலும் ஒரே தடத்தைத்தான் ஏற்கும். தட்டு வெட்டும்போதே கனத்த ஒலிகளைக் குறைத்தும் கூரிய ஒலிகளைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள், எல்.பி.க்கு 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ.வின் அளவீடு பொதுவாகிவிட்டது. அதைத் திருப்பிச் சமன்செய்ய போனோ ப்ரீ ஆம்ப் வேண்டும். இல்லாவிட்டால் தவில் தகர டப்பாவாகக் கேட்கும். ப்ரீ ஆம்பிலிருந்து ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் சிறு கருவி) வழியாகக் கணினிக்குச் செல்லுங்கள். டர்ன்டேபிளின் பின்னால் தொங்கும் மெல்லிய எர்த் கம்பியை ப்ரீ ஆம்பில் கட்டுங்கள். அப்படியும் 'உம்ம்' என்று கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு நின்றுவிடும். இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் பதிவு செய்யவே வேண்டாம்.

கொடைக்கானலில் ஒருவர் வீட்டில் வேறொரு சிக்கலைக் கண்டேன். அங்கே அமெரிக்க மிஷனரிகள் 1901இல் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து அமெரிக்கப் பொருள்கள் வந்துகொண்டிருந்ததால், பழைய சாமான்களில் அந்நாட்டு டர்ன்டேபிள்கள் எப்போதாவது கிடைக்கும். அவர் 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி முறையாகத்தான் இணைத்திருந்தார். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர, அதிர்வெண்ணை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் அந்த மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடியது. 5 கட்டையில் பாடிய அம்மையார் 3 கட்டையில் பாடினார். 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடியது. ஆறு மாதங்களாக 40 எல்.பி.க்களை அப்படியே பதிவு செய்திருந்தார். நல்லவேளையாக அவர் இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தொடவில்லை. மூலப்பதிவுகள் அப்படியே இருந்ததால் வேகத்தைக் கணக்கிட்டுத் திருத்த முடிந்தது. கணினியை நம்பிக் கொடுக்கக்கூடிய வேலை என்றால் இதைச் சொல்வேன். எந்த டர்ன்டேபிளானாலும் முதல் தட்டைப் பதிவு செய்ததும் ஒரு சுருதிப்பெட்டியை வைத்துச் சரிபாருங்கள்.

மலையில் வாழும் நமக்கென்று தனியே சில சொல்ல வேண்டும். மூடுபனியும் மழையும் மாதக்கணக்கில் நீடிக்கும் இங்கே, இசைத்தட்டின் முதல் எதிரி பூஞ்சணம். அட்டை உறையில் வெண்மையாகப் பூத்து அங்கிருந்து தட்டுக்குப் பரவும். உறையை முகர்ந்தாலே தெரியும். அத்தகைய தட்டை வெளியில் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் வரியின் போக்கிலேயே துடையுங்கள், உள்ளுறையை மாற்றிவிடுங்கள். வினைல் தட்டை டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி விட்டுக் கழுவி, வெறும் நீரால் அலசலாம். நடுவில் உள்ள லேபிள் நனையக்கூடாது. 78 தட்டை ஈரத் துணியால் விரைவாக ஒற்றி உடனே உலர்த்த வேண்டும். விரிசல் இருந்தால் அதுவும் கூடாது. இந்த வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள், காயவே காயாது. மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். தை மாத உறைபனி நாட்களின் வறண்ட காற்றில் வினைல் தட்டு நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுத்துக்கொள்ளும். அப்போது உலர்துணியால் தேய்க்கத் தேய்க்க நிலைமை மோசமாகும்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிற்க வையுங்கள். குளிர்காய மூட்டும் கணப்புக்கும் அறை ஹீட்டருக்கும் பக்கத்தில் வைத்தால் வினைல் அப்பளமாக நெளியும். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணும் பகலில் அதே அளவுக்குச் சுடும். பழைய பங்களாக்களில் மரப்பலகைத் தளம் உள்ளவர்கள் டர்ன்டேபிளைத் தரையில் நிற்கும் மேசையில் வைக்காமல் சுவரில் அறைந்த பலகையில் வையுங்கள். சமையலறையிலிருந்து ஒருவர் நடந்துவந்தாலே ஊசி துள்ளுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதிவு செய்யும்போது ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்ட ஒலி திரும்பாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பதிவின் தரம் குறைந்தது 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. எல்.பி.யின் 20 நிமிடப் பக்கத்துக்கு அது 350 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்றைய ஹார்டு டிஸ்க்கில் அது ஒரு பொருட்டே அல்ல. ஒலியில் எதையும் இழக்காத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக மூலத்தை வையுங்கள். உறவினருக்கு அனுப்ப மட்டும் எம்.பி.3 எடுங்கள். 78 தட்டு ஒற்றைத் தடமே என்றாலும் இரு தடங்களாகவே பதிவு செய்து பிறகு கூட்டி ஒன்றாக்குங்கள். ஊசி மேலும் கீழுமாக அசைவதால் வரும் இரைச்சலில் ஒரு பகுதி அதிலேயே நீங்கும். மூலக் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யாமல் இரண்டு இடங்களில் பாதுகாத்து, திருத்தங்களை நகலில் செய்யுங்கள். கோப்பின் பெயரில் லேபிளில் உள்ள எண்ணையும் எழுதுங்கள்.

பதிவு நன்றாக வந்துவிட்டது என்பதற்காகத் தட்டை வெளியே போடாதீர்கள். உங்களுடைய பதிவு உங்கள் ஊசியும் உங்கள் கருவியும் இன்றைக்குக் கேட்டது மட்டுமே. அதே தட்டிலிருந்து இன்னும் நல்ல ஊசியால், இன்னும் கவனமாக, நாளை வேறொருவர் இன்னும் அதிகம் எடுக்க முடியும், தட்டு இருந்தால்.

அந்த இளைஞரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, எஞ்சிய 3 தட்டுகளை எதுவும் செய்யாமல் அப்படியே கொண்டுவரச் சொன்னேன். பாட்டியின் கட்டிலுக்கடியில் பெட்டியிலேயே இருந்ததால் அவை தப்பியிருந்தன. ஒன்றில் விளிம்பில் விரிசல். ஆனாலும் ஊசி ஓடியது. 3 தட்டுகள், 6 பக்கங்கள், மொத்தம் 19 நிமிடங்கள் கிடைத்தன. தவில் தவிலாகவே கேட்கிறது. பின்னால் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது, வேண்டுமென்றேதான் விட்டேன்.

என்னிடமோ வேறு எவரிடமோ தட்டுகளைக் கொண்டுபோகிறவர்கள், துடைக்காமல் கொண்டுபோங்கள். மலைப்பாதை வளைவுகளில் பேருந்தின் மேல்தட்டில் பையை வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை நிற்கும்படி வைத்து இடையிடையே துணி கொடுங்கள். தட்டு உடைந்திருந்தால் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். சிறிய துணுக்கு வரை பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.