கையில் வழுக்கும் காஸ்டிக்: சாயப்பட்டறையில் தோல் வேகும் விதம்

வெளுக்காத கோராத் துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். பருத்தியில் இருக்கும் மெழுகும் கொழுப்பும் அதை உள்ளே விடுவதில்லை. திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயம் ஏற்றும் முன் துணியைக் காஸ்டிக் சோடா என்ற வலுவான காரம் போட்டு வேகவைப்பது இதற்காகத்தான். காஸ்டிக் கொழுப்பைச் சோப்பாக மாற்றும். அந்தச் சோப்பு மெழுகையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பிறகு துணி தண்ணீரைக் குடிக்கும்.

தோலிலும் கொழுப்பு இருக்கிறது. காஸ்டிக் பட்ட விரல்களைத் தேய்த்தால் வழவழவென்று வழுக்கும். "ஒண்ணுமில்லீங்ணா, சோப்புத் தண்ணியாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தொழிலாளி அடுத்த லோடுக்குப் போய்விடுவார். சோப்புத் தண்ணிதான். ஆனால் அது அவருடைய தோலின் கொழுப்பிலேயே உண்டான சோப்பு. வழவழப்பு போகும்வரை உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள்.

ஆசிட் காயத்துக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, அதுபோல ஆசிட் தோலின் புரதத்தைத் திரித்துக் கெட்டியாக்கும். அந்தப் பொருக்கே ஆசிட் மேலும் இறங்குவதை ஓரளவு தடுக்கும். பட்டவுடன் சுரீரென்று எரிவதால் ஆளும் உடனே தண்ணீருக்கு ஓடுவார். காஸ்டிக் புரதத்தைக் கரைத்துக் கூழாக்கும், கொழுப்பைச் சோப்பாக்கும். தடுப்பு எதுவும் உண்டாகாமல் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். 25 முதல் 50 சதவீதக் கரைசல் பட்டால் சில நிமிடங்களில் எரிச்சல் தெரியும். 4 சதவீதம்தான் என்றால் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், இரவில் கையைப் பார்த்து அதிர்வது இதனால்தான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துபோவதும் இதே காரக் காயத்தின் சிறிய வடிவம்.

பிளீச்சிங் குளியலில், அதாவது துணியை வெளுக்கும் கரைசலில், காஸ்டிக் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் அளவில்தான் இருக்கும். அங்கே ஆபத்து 95 டிகிரிக்கு மேலான சூடு. காஸ்டிக்கால் வரும் பெரும்பாலான ஆபத்து அதைக் கரைக்கும் இடத்தில் இருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ பிளேக்ஸ் (செதில்களாக வரும் திடக் காஸ்டிக்) கொட்டினால், கரையும் வெப்பத்திலேயே கரைசல் 75 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். வாளியில் பிளேக்ஸைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு நிலைமை இன்னும் மோசம். அடியில் அந்த இடம் மட்டும் கொதித்து முகத்தில் தெறிக்கும். வெந்நீர்க் காயமும் காரக் காயமும் ஒன்றாக வரும். தண்ணீரை முதலில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிளேக்ஸைத் தூவிக் கலக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈடிபி பிளாண்டில் சல்ஃப்யூரிக் ஆசிட் கலப்பவருக்கும் இதேதான்: தண்ணீரில் ஆசிட், ஒருபோதும் ஆசிட்டில் தண்ணீர் கூடாது.

மேலே பட்டுவிட்டால் முதல் 10 விநாடிக்குள் தண்ணீர் விழ வேண்டும். மருத்துவமனையில் செய்யக்கூடிய எதுவும் இந்தப் பத்து விநாடிக்கு ஈடாகாது. பிளேக்ஸோ ஹைட்ரோஸோ (சாயமேற்றப் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) பொடியாகப் பட்டிருந்தால் மட்டும், காய்ந்த துணியால் சட்டென்று தட்டிவிட்டுப் பிறகு தண்ணீர். ஈரம் சிறிதளவே பட்டால் இரண்டும் அங்கேயே சூடேறும். அதனால் ஒரு மக் தண்ணீர் போதாது, கொட்ட வேண்டும். உதவிக்கு வருபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டை, பேண்ட், செருப்பு, மோதிரம், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். நனைந்த பனியனைத் தலைவழியாக உருவக் கூடாது, அதில் இருக்கும் காஸ்டிக் கண்ணுக்குப் போகும். கத்தரியால் முன்பக்கம் வெட்டிவிடுவது சரி. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நல்ல தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம்? ஆசிட்டுக்குக் குறைந்தது 20 நிமிடம். காஸ்டிக்குக் குறைந்தது அரை மணி, பல நேரம் ஒரு மணியும் ஆகும். இதற்கு அளவுகோல் எல்லாச் சாயப்பட்டறையிலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: குளியலைச் சோதிக்கும், ஆசிட்டா காரமா என்று நிறத்தால் காட்டும் அதே பிஹெச் பேப்பர். கழுவுவதை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஈரத் தோலில் வைத்துப் பாருங்கள். நீலப் பக்கம் திரும்பினால் உள்ளிருந்து காரம் இன்னும் கசிகிறது, மறுபடி கழுவ வேண்டும்.

கண்ணில் பட்டால் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்து, பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, மெல்லிய ஓட்டமாகக் குறைந்தது அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். தலையைச் சாய்க்காவிட்டால் கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகும். ஆம்புலன்ஸில் ஏறிய பிறகும் பாட்டில் தண்ணீரோ சலைனோ ஊற்றிக்கொண்டே போக வேண்டும். காஸ்டிக் கருவிழியைத் தாண்டி உள்ளே போக நிமிடங்களே போதும்.

துணியில் காரம் மிஞ்சினால் அசிட்டிக் ஆசிட் போட்டுச் சமன்செய்வது தினசரி வேலை என்பதால், கையில் காஸ்டிக் பட்டாலும் அந்தக் கேனைத் தேடும் பழக்கம் வந்துவிடுகிறது. அந்தக் கேனில் இருப்பது 99 சதவீதம். அதுவே தோலைச் சுடும், காரத்தோடு சேரும்போது வெப்பத்தையும் கக்கும், கழுவ வேண்டிய நேரத்தையும் தின்றுவிடும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பதை அவை பூட்டி வைக்கும், டாக்டருக்குக் காயத்தையும் மறைக்கும்.

துணி வெளுக்கப் பயன்படும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் தோல் வெள்ளையாகும். தோலுக்குள் ஆக்ஸிஜன் குமிழிகள் நிற்பதால் அப்படி. நன்றாகக் கழுவினால் லேசான காயத்தில் அந்த வெளுப்பு சில மணி நேரத்தில் மறையும். நனைந்த சட்டையைக் கொடியில் போடாதீர்கள், காயும்போது தானாகத் தீப்பிடிக்கலாம். முதலில் அலசுங்கள்.

கோவைப் பக்கம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) டேங்க் வெல்டிங் செய்பவர்கள் பற்றவைத்த இணைப்பைச் சுத்தம் செய்யப் பூசும் பிக்ளிங் பேஸ்ட் வேறு வகை. அதில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கிறது. குறைந்த செறிவில் வலி பல மணி நேரம் கழித்து வரும். ஃப்ளூரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், காயம் பெரிதானால் இதயத் துடிப்பே நிற்கலாம். இதற்கு 5 நிமிடம் கழுவியதும் 2.5 சதவீத கால்சியம் குளூக்கோனேட் ஜெல்லை வலி அடங்கும்வரை தேய்க்க வேண்டும், உடனே மருத்துவமனைக்கும் போக வேண்டும். பேஸ்ட் வாங்கும் நாளிலேயே அந்த ஜெல்லையும் வாங்கி வைக்க வேண்டும். பேஸ்டை வைத்துக்கொண்டு ஜெல் இல்லாமல் வேலை வாங்குவது மன்னிக்க முடியாதது.

கையுறையில் துணியும் தோலும் உதவாது. துணி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், தோலைக் காஸ்டிக் கரைத்துவிடும். நைட்ரைலோ நியோப்ரீனோ வேண்டும். கையை மேலே தூக்கி ஊற்றும் வேலையில் திரவம் வழிந்து உறைக்குள் இறங்காமலிருக்க, விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள். பேண்ட் கம்பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் பூட்டே காஸ்டிக் பிடிக்கும் பாத்திரமாகிவிடும்.

அவசர ஷவருக்கான குறைந்தபட்ச அளவு நிமிடத்துக்கு சுமார் 76 லிட்டர், 15 நிமிடத்துக்கு. கணக்குப் போட்டால் 1,140 லிட்டர். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் போதாது. இன்னொன்று: சித்திரை வெயிலில் கறுப்பு டேங்கிலிருந்தும் ஜிஐ பைப்பிலிருந்தும் வரும் முதல் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. டேங்குக்கு நிழல் போட்டு, பைப்பைச் சாக்குச் சுற்றி மறைத்து, வாரத்துக்கு ஒருமுறை மதியம் இரண்டு மணிக்கு ஷவரை இழுத்து அடியில் கை வைத்துப் பாருங்கள்.