'மாதிரிக் கிராமம்' அல்ல, ஆலையூர்

இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட சால்ட்டேர் என்ற ஊரைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அதை 'மாதிரிக் கிராமம்' என்றே எழுதுகிறார்கள். 'மாடல் வில்லேஜ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த பிழை இது.

'மாடல்' என்பதன் வேர், சிறு அளவைக் குறிக்கும் 'மாடுலஸ்' என்ற லத்தீன் சொல். ஆங்கிலத்தில் அதற்குச் சிற்றுரு, பின்பற்றத்தக்கது என இரு பொருளும் உண்டு. இங்கே இரண்டாவது பொருளே.

தமிழில் 'மாதிரி' என்றதும் துணிக்கடையின் மாதிரித் துணுக்கும் மாதிரி வினாத்தாளும்தான் நினைவுக்கு வரும். அசல் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் போர்ட்டன் ஆன் தி வாட்டர் என்ற ஊரில், அதே ஊரை ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கட்டி 1937இல் திறந்த குட்டி ஊரை அப்படிச் சொல்லலாம். சால்ட்டேரோ அசல் ஊர். ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் 1853இல் ஏர் ஆற்றங்கரையில் கம்பளி ஆலையைத் திறந்து, தொழிலாளருக்கு 800க்கு மேற்பட்ட வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் கட்டினார்; மதுக்கடைக்கு மட்டும் இடம் தரவில்லை. வயல் வரப்பு இல்லாத இதைக் 'கிராமம்' என்பதும் பொருந்தாது.

'தொழில் நகரியம்' என்பாரும் உண்டு. நகரியம் நல்ல சொல்தான், நெய்வேலிக்குப் பொருந்தும். இந்தச் சிறிய ஊருக்கு அது தொளதொளச் சட்டை. 'முன்மாதிரிச் சிற்றூர்' என்பதில் பொருள் சரி, ஆலையைக் காணோம். ஆலையால் பிறந்த ஊர் ஆலையூர். விளக்கம் வேண்டிய இடத்தில் 'முன்மாதிரி ஆலையூர்' என்றால் போதும்.

சொல் பிசகினால் நடப்பும் பிசகும். 1986இல் ஆலை ஓய்ந்தது, 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஊர் சேர்ந்தது. வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கண்காட்சி என்று நம்பி வருபவர் குடியிருப்போர் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். அங்கே வீடு வாங்குபவருக்கு இன்னொரு குழப்பம்: காப்புக் கட்டட ஒப்புதல் (பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தை மாற்றப் பெறும் 'லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்'), திட்ட அனுமதி ('பிளானிங் பெர்மிஷன்') இரண்டையும் 'கட்டட அனுமதி' என்றே பெயர்க்கிறார்கள். பழைய மரச் சன்னலை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் சன்னல் வைக்க முதலாவது கட்டாயம். அது இல்லாமல் மாற்றுவது குற்றம்.

இவற்றைவிடக் கெடுதல், 'லைம் மார்ட்டர்' என்பதைச் 'சிமென்ட் கலவை' என்று எழுதுவது. சுண்ணாம்புச் சாந்து என்ற சொல் நம் கொத்தனார் வாயிலேயே இருக்கிறதே! அவ்வூர் வீடுகளின் மணற்கல் சுவரைப் பழுதுபார்க்கையில் இணைப்புகளில் சிமென்ட் பூசினால் ஈரம் அவ்வழியே வெளியேறாது, கல்லுக்குள் தங்கும். உள்ளே உப்பு படியும், குளிரில் நீர் உறையும். சில குளிர்காலங்களில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும், இணைப்பில் சிமென்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.