பாலில் எவ்வளவு யூரியா? மில்லிவோல்ட் சொல்லும் கணக்கு

கோபி, காங்கேயம் பக்கம் பால் சொசைட்டிக்குக் கேனோடு போகிறவர்களுக்கு லாக்டோமீட்டர் புதிதல்ல. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரோடு கொஞ்சம் யூரியாவையும் போட்டால்? அடர்த்தி பழையபடி ஏறிவிடும், கருவி ஏமாந்துவிடும்.

சரி, யூரியா இருக்கிறதா என்று பார்த்தால் போதுமே? போதாது. கலப்படமே இல்லாத பசும்பாலிலும் 100 மில்லிக்கு 20 முதல் 40 மில்லிகிராம் யூரியா இருப்பது வழக்கம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி 70 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்கிறது. அதனால் எவ்வளவு என்று சொல்லாத சோதனை பாதிச் சோதனைதான். அந்த எண்ணைத் தருவது மின்வேதி உணரி, யூரியாவின் அளவை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும் கருவி.

பாதிச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு ஸ்பூன் பாலில் அரை ஸ்பூன் துவரம்பருப்புப் பொடியைப் போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் முக்கி எடுங்கள். யூரியா மிகுந்த பாலென்றால் தாள் நீலமாகும். பருப்பிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அந்தக் காரத்தன்மைதான் நீலம். நொதி இல்லாமல் யூரியா தானாக உடைய ஆண்டுக்கணக்கில் ஆகும். 1926இல் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் படிகமாக்கிய நொதியும் இதுவே. அதற்கு 1946இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மின்வேதி உணரியிலும் இதே நொதிதான், லிட்மஸுக்குப் பதில் மின்முனை. திருப்பூரில் பனியனுக்குப் படம் அடிக்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான் இங்கும். சாயத்துக்குப் பதில் கார்பன் மை, துணிக்குப் பதில் பிளாஸ்டிக் துண்டு. அம்மோனியா பாலில் கரைந்ததும் பெரும்பாலும் மின்னேற்றம் பெற்று அம்மோனியம் அயனியாகிறது. கார்பன்மேல் அந்த அயனியைப் பிடிக்கும் நொனாக்டின் என்ற பொருள் கலந்த சவ்வு. அதற்கும் மேல் யூரியேஸ், பாலில் கரைந்து போகாதபடி குளூட்டரால்டிஹைடு கொண்டு பிணைத்தது. யூரியா உடைய உடைய அம்மோனியம் சேர்ந்து மின்னழுத்தம் ஏறும். 25 டிகிரியில் அம்மோனியம் பத்து மடங்கானால் 59 மில்லிவோல்ட், இரு மடங்கானால் வெறும் 18. இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் நல்ல பாலையும் கலப்படப் பாலையும் பிரிக்க வேண்டும்!

இதைக் கெடுப்பது பொட்டாசியம். அயனியாக அது அம்மோனியத்தின் பருமன்தான், பாலில் 100 மில்லிக்குச் சுமார் 150 மில்லிகிராம் இருக்கிறது. நொனாக்டின் அதை அம்மோனியத்தைவிடப் பத்தில் ஒரு பங்கே மதிக்கிறது என்றாலும், இருக்கும் அளவுக்கு அந்தப் பங்கே அதிகம். நொதி பூசாத இன்னொரு பட்டையையும் அதே பாலில் முக்கி, அதன் அளவைக் கழித்துக் கணக்கிடுவது ஒரு வழி. பாலைத் தாங்கல் கரைசலில் நீர்க்கச் செய்தால் காரத்தன்மை மாறாமலும் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் வெப்பநிலை: கறந்த சூட்டோடு வரும் பாலில் நொதி வேகமாக வேலை செய்யும், மில்லிவோல்ட் கணக்கும் மாறும். அதைத் திருத்தாத கருவி சொசைட்டிக்கு உதவாது.

கலப்படம் பிடிப்பதைவிட, தீவனத்தைச் சரிபார்க்கத்தான் இது அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மிகுந்து, மாவுத் தீவனம் குறைந்தால் உபரிப் புரதம் யூரியாவாகிப் பாலிலும் ஏறும். புண்ணாக்குக்குக் கொடுத்த காசு எங்கே போகிறது என்று மாடு வளர்ப்பவருக்கு அந்த எண்ணே சொல்லிவிடும்.